கதவுக்கு அந்தப் பக்கம்

வெள்ளிக்கிழமை மதியம் ஆகியும் புகை வாசனை வரவில்லை. ஹூஸ்டனுக்கு வெளியே, பழைய விமானக் கொட்டகை ஒன்றுக்குள் கட்டிய போலி விண்கலத்தில் மார்லாவும் வெர்னனும் அடைந்து நூற்று நாற்பத்து மூன்று நாட்கள் ஆகின்றன. நட்சத்திரங்களுக்குப் போகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் பித்துப் பிடிக்காமல் இருப்பார்களா என்று பார்க்கும் சோதனை. வெள்ளிதோறும் காவலாளிகள் வெளியே மாட்டிறைச்சி வாட்டுவார்கள். அந்தக் கரிப்புகை காற்றுக்குழாயின் ஏதோ விரிசல் வழியே கசிந்து, நாக்கில் எச்சில் ஊற வைத்து, உலகம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகும். இன்று மார்லா குழாயில் முகம் வைத்தாள். ஈர இரும்பின் வாடை மட்டும்தான். சாலையில் லாரிச் சத்தமும் இல்லை.

"டயட்ல இருக்கானுங்க போல," என்றான் வெர்னன். "இல்லன்னா, உன் மூக்கு செத்துப்போச்சு."

அவள் சிரிக்கவில்லை. அவசரத் தொலைபேசியை எடுத்தாள். வழக்கமாக எடுத்த நொடியே வெளியிலிருந்து மேற்பார்வையாளன் கிளைட் பேசிவிடுவான்.

"கிளைட், நான் வெளிய வரணும்."

நாற்பது நிமிடம் கழித்துத்தான் மணி அடித்தது.

"கதவு பூட்டலையே மார்லா," என்றான் கிளைட், இப்போதுதான் கேட்டவன் போல. "தள்ளிட்டு வா."

"இவ்வளவு நேரம் எங்க போயிருந்த?"

மீண்டும் நாற்பது நிமிடம்.

"எங்கயும் போகலையே. உடனேதான பேசுறேன்?"

ஒரு குரல் போய்வர இத்தனை நேரம் பிடித்தால், எவ்வளவு தூரம்?

"விளையாடுறானுங்க நம்மகிட்ட," வெர்னன் எழுந்தான். "இரு, அவன் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்."

"வெர்னன், வேணாம்."

இரட்டைக் கதவு. இடையில் சிற்றறை. உள்கதவைச் சாத்தினால்தான் வெளிக்கதவு திறக்கும். சாத்தினான். உள்கதவின் வட்டக் கண்ணாடியில் அவன் முதுகு தெரிந்தது. வெளிக்கதவைத் தள்ளினான்.

பெருமூச்சு போல ஏதோ கேட்டது. பிறகு சத்தமில்லை. கொட்டகை விளக்குகள் இல்லை. இருட்டு. அவன் இல்லை.

தொலைபேசி அடித்தது. இந்த முறை உடனே.

"வெர்னன் வந்துட்டான்," கிளைட் சிரித்தான். "இதோ, பக்கத்துல உக்காந்திருக்கான். நீயும் வாயேன்."

தொலைபேசியில், அவன் குரலுக்குப் பின்னால் இன்னொரு சிரிப்பு. வெர்னனுடையதேதான்.

"கதவைத் திற, மார்லா."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். இருட்டிலிருந்து வெர்னன் மெல்ல மிதந்து வந்தான். திறந்த வாய். விழிகளில் உறைபனி. நெற்றி கண்ணாடியில் இடித்தது. விலகியது. மீண்டும் இடித்தது.