பரீத்தின் தம்பி

"பரீத், பந்தை இடது பக்கம் போடுலே."

கோட்டுக்கு வெளியே நின்று வாப்பா கத்தினார். பந்தோடு ஓடிக்கொண்டிருந்தது அவருடைய சின்ன மகன் அர்பாஸ்.

ஷேக் பரீத், அர்பாஸின் அண்ணன். தாராவியில் அர்பாஸ் இப்போது படிக்கும் பள்ளிக்கூடத்துக்கே கேப்டனாக ஆடியவன். இரண்டு வருஷத்துக்கு முன் மழைக்காலக் காய்ச்சலில் இறந்துபோனான். வாப்பா தாஹிரும் வாலிபத்தில் தோல் பட்டறை டீமுக்கு ஆடியவர்தான். மகன் போன பிறகு அவருக்கு நினைவு தடுமாறியது. கால்பந்து மறக்கவில்லை. பரீத் இல்லை என்பதுதான் மறந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு அர்பாஸை ஆட்டத்தில் அடிக்க இப்போது பள்ளியில் ஆளில்லை. "தாஹிர் மகன், பரீத் தம்பி, சும்மாவா?" என்பார்கள் தெருவில். அவன் பேரை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இடைவேளையில் கூட ஆடும் நகுல் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "க்யா பரீத் பாய், உங்க வாப்பா கோச்சைவிடச் சத்தமாக் கத்துறாரு."

"அப்படிக் கூப்பிடாதடா."

"நீ பரீத் இல்லை, அர்பாஸ்னு அவர்கிட்டயே சொல்லேன்."

"அண்ணன் இல்லைன்னு உம்மா ஒருதடவை அவர்கிட்ட சொன்னாங்க. அன்னைக்குத்தான் இறந்த மாதிரி வாப்பா அழுதாரு." அர்பாஸ் முகத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். "ஆனா இன்னைக்கு ஜெயிச்சா சொல்லிருவேன். ஒரே ஒரு கோலாவது என் பேர்ல இருக்கட்டும்."

ஆட்டம் முடியப்போகும் நேரம். நகுல் தள்ளிய பந்து சேற்றில் வழுக்கி வந்தது. அர்பாஸ் இருவரை ஏமாற்றி இடது காலால் அடித்தான். கோல்.

விசில் ஊதியதும் வாப்பா ஒற்றைச் செருப்போடு ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"பரீத், அடிச்சுட்டியேலே."

"வாப்பா, நான் வந்து..."

"தம்பி எங்கே?" வாப்பா திடீரென்று பதறிச் சுற்றிலும் பார்த்தார். "நம்ம அர்பாஸ். கூட்டத்துல விட்டுட்டியா அவனை?"

அர்பாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"இங்கேதான் இருக்கான் வாப்பா. எல்லாம் பார்த்தான்."

வாப்பாவுக்கு மூச்சு வந்தது. அவன் காதருகே குனிந்தார்.

"அவன் உன்னைவிட நல்லா ஆடுவான் பாரு. அவன்கிட்ட சொல்லிராதே, தலைக்கனம் வந்துரும்."

அர்பாஸ் சேறு படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்ல மாட்டேன் வாப்பா."