ஏக்கவடி

காலிஸ்டோ காவற்படை முகாமில் பல் விளக்குவதற்கு முன்பே ஏக்கம் வடித்துவிடுவார்கள். சிப்பாய்கள் தலை குனிந்து வரிசையாக நிற்க, ஓர் இயந்திரக் கை ஒவ்வொருவர் பிடரியிலும் பதித்திருந்த மின்னணுச் சில்லின் மேல் ஏக்கவடி என்ற கருவியை வைத்து எடுக்கும். வீடு நினைவிருக்கும், மனைவி முகம் நினைவிருக்கும், பிள்ளை பெயர் நினைவிருக்கும். அந்த நினைப்பு தரும் வலி மட்டும் இருக்காது. வியாழனைச் சுற்றும் ஒரு பனி உருண்டையில், பன்னிரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆளைக் கட்டிவைக்க வேறு வழியில்லை என்று படைத்துறை முடிவுகட்டியிருந்தது. வடித்து முடித்ததும் எல்லாரும் உப்புமாவுக்கு ஓடுவார்கள்.

குடியாத்தத்துக்காரன் நாயக் அறவாழிக்கு ஏழு வருடம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் கருவி பழுதாகி, சாயங்காலம் வரை வேலை செய்யவில்லை. முகாமே அழுதது. அறவாழி கை கழுவப் போன இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு வயதில் விட்டுவந்த மகள் நறுமுகைக்கு இப்போது ஒன்பது வயது. இத்தனை காலத்தில் அவளைப் பார்க்காமல் இருப்பது தனக்கு ஒருநாள்கூட உறுத்தவில்லையே! சே, நானெல்லாம் ஒரு தகப்பனா என்று தன்னையே திட்டிக்கொண்டான். மறுநாள் விருப்ப முன்விடுப்புக்கு விண்ணப்பித்தான்.

ஒப்பந்தம் முடியுமுன் சொந்த விருப்பத்தில் படையை விட்டு விலகுவதற்கு அப்படிப் பெயர். சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் ஒரு நிபந்தனை. வீடு திரும்பும் ஆசை உண்மையானதுதானா என்று பார்க்க, விண்ணப்பித்தவன் ஒரு மாதம் ஏக்கம் வடிக்காமல் இருந்து காட்ட வேண்டும். பணியிலும் குறை வரக்கூடாது. முக்கால்வாசிப் பேர் இரண்டொரு நாளில் வரிசைக்கே திரும்பிவிடுவார்கள்.

"எதுக்குலே இந்த வேண்டாத வேல?" என்றார் அவனுடைய மேலதிகாரி சுபேதார் எபநேசர். நாகர்கோவில்காரர். "அஞ்சு வருசம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும். வடிக்காம கெடந்து சாவப்போறியா?"

"வலிக்கட்டும் சார். வலிச்சாத்தான் அவங்க என்னோடவங்கன்னே தெரியுது."

எபநேசர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒம் பாடு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு மாதம் இருக்கிறதே, அப்பப்பா! அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ரோந்து உடைக்குள் அழுதால் கண்ணீரைத் துடைக்கக்கூட முடியாது. தலைக்கவசத்துக்குள் கை போகாது. அங்கே அவர்களும் ஏழு வருடமாக இப்படித்தானே தவித்துக் கிடப்பார்கள் என்ற நினைப்புதான் அவனைப் பிடித்து நிறுத்தியது. விடுப்பு கிடைத்தது. பிடரியிலிருந்த சில்லை எடுத்துவிட்டு அவனைக் கப்பலேற்றினார்கள்.

குடியாத்தம் வீட்டில் கதவைத் திறந்தவள் அவன் மனைவி மரகதம்தான். "வாங்க. பயணமெல்லாம் சௌகரியமா?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தாள். நறுமுகை எட்டிப் பார்த்து, "வாங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினாள். அவன் போய் அணைத்துக்கொண்டபோது, தையற்காரரிடம் அளவு கொடுப்பதுபோல் அசையாமல் நின்றாள். பின்னலை ஒதுக்கியபோதுதான் அவள் பிடரியிலும் ஒரு சில்லு இருப்பதைக் கண்டான்.

"இது எப்ப வச்சது?"

"நீங்க போன மறு வருசம்" என்றாள் மரகதம். "சிப்பாய் குடும்பத்துக்கெல்லாம் குடுத்தாங்க. இவ அப்பா அப்பான்னு அழுது ஜுரமே வந்துடுச்சி. நானும் சோறு தண்ணி இல்லாம கெடந்தேன். நாங்க இப்படி அழுதா அங்க உங்களுக்குத் தாங்குமா? அதான் ரெண்டு பேரும் வச்சிக்கினோம். அப்புறம் நீங்க இல்லாத குறையே தெரியலைங்க."

அவன் மனம் குளிரட்டும் என்றுதான் பாவம், அப்படிச் சொன்னாள். அறவாழி தண்ணீரைக் குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைத்தான்.

சிப்பாய் வீடு திரும்பிவிட்டதால் மறுநாளே படைத்துறை ஆள் வந்து வீட்டிலிருந்த ஏக்கவடியை எடுத்துப்போனார். பிடரிச் சில்லுகள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். இனித் தன்னைத் தேடுவார்கள் என்று அறவாழி காத்திருந்தான். எங்கே தேடுவது? அவன்தான் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறானே! வேளைக்குச் சோறு வந்தது, மரியாதை வந்தது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. சொந்த வீட்டில் ஒருவன் எத்தனை நாள் விருந்தாளியாக இருப்பான்? ஆறேழு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் மறுபடியும் படையில் சேரக் கையெழுத்திட்டான். இரண்டாம் முறை சேர்பவனுக்கு முன்விடுப்பே கிடையாது என்று அங்கிருந்த இயந்திரம் எச்சரித்தது. தெரியும் என்றான்.

மரகதம் தடுக்கவில்லை. "உங்க இஷ்டம்" என்று பெட்டியை அடுக்கித் தந்தாள்.

விண்துறைமுகத்தில், சிப்பாய்கள் உள்ளே போகும் கண்ணாடிக் கதவருகே நறுமுகை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, வயித்த என்னமோ பண்ணுது."

"எனக்கும் காலையிலேர்ந்து நெஞ்ச அடைக்குதுங்க" என்றாள் மரகதம். "இட்லி ஒத்துக்கல போலருக்கு."

அது இட்லி இல்லை என்று அறவாழிக்குத் தெரிந்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் வந்தவர்கள் அவனை உள்ளே தள்ளினார்கள். கதவு மூடிக்கொண்டது.

"போகாதப்பா!" நறுமுகை இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். மரகதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்காகத்தானே அவன் தவமாய்த் தவமிருந்தான்! கதவை ஓங்கி இடித்தான். திறக்கச் சொல்லிக் கத்தினான். கையெழுத்துப் போட்டவனுக்கு அது திறக்காது.

படைத்துறை ஊழியப் பெண் ஒருத்தி கனிவோடு வந்து, புது ஏக்கவடியை மரகதத்திடம் நீட்டினாள். மரகதம் அதைத் தள்ளிவிட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

நறுமுகை அழுது அழுது மூச்சுத் திணறினாள். முகம் கன்றிப்போனது. தன் வலியை ஒரு மாதம் தாங்கியவனால் மகளின் வலியை ஒரு நிமிடம் பார்க்க முடியவில்லை. எந்தத் தகப்பனால்தான் முடியும்? அழாதே கண்ணு, அழாதே என்று கையை ஆட்டினான். அவள் நிறுத்தவில்லை. கடைசியில் அவனே மரகதத்தைப் பார்த்து, தன் பிடரியைத் தொட்டுக் காட்டினான். வைத்துக்கொள்ளுங்கள் என்று சைகை செய்தான்.

மரகதம் முதலில் மகளுக்கு வைத்தாள். பிறகு தனக்கு வைத்துக்கொண்டாள்.

நறுமுகை மூக்கைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு டாட்டா காட்டினாள். மரகதமும் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக் கையாட்டினாள். இருவரும் திரும்பி நடந்தார்கள். பிள்ளை எதையோ கேட்டுச் சிணுங்க, அம்மா கடைப் பக்கம் திரும்புவதுவரை கண்ணாடி வழியே தெரிந்தது.

அறவாழிக்கு முகாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் சில்லு வைப்பார்கள். கப்பல் போய்ச் சேர மூன்று மாதம் ஆகும்.