காற்றைப் பார்க்காத நாரை

படத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பறவைகள் இருந்தன. அவற்றில் இருநூற்றுப் பதினொன்று இடப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. அன்று காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். கரைப்பறவைகள் ஓய்வெடுக்கும்போது காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும். பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ காற்று அடித்தால் இறகெல்லாம் குடை திரும்பிக்கொள்வதுபோல் திரும்பிக்கொள்ளும், எந்தப் பறவைக்கும் அது ஆகாது. இருநூற்றுப் பன்னிரண்டாவது மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நின்று, மார்பை நேராகக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஓர் இறகுகூடக் கலைந்திருக்கவில்லை.

அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சேற்றுக்கரையில் நட்டிருந்த கேமரா ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். சின்னப் படம் ஒன்றை உடனே அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். பெரிய படங்கள் அதற்குள் இருக்கும் மெமரி கார்டில் சேர்ந்துகொண்டே இருக்கும், வாரத்துக்கு ஒருமுறை அவள் தம்பி நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கி அதை எடுத்து வருவான். படத்தில் உள்ள ஒவ்வொரு பறவைக்கும் பெயர் வைப்பது அவள் வேலை. ஏழு வருடமாக அதே மேசை, அதே ஜன்னல். கொசு உள்ளானையும் பவளக்காலியையும் மூக்கனையும் பாதி அழிந்த படத்தில்கூடப் பிரித்துச் சொல்லிவிடுவாள். அலகைப் பார்க்காமல் பெயர் சொல்ல மாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு 'அலகு அக்கா' என்று பெயர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையின் மூக்கைத்தான் முதலில் பார்ப்பாள் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

இந்தப் பறவையின் அலகு தெரியவில்லை. தலையே தெரியவில்லை, முதுகுக்குள் செருகியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் இதை முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்குக் கழுத்துவலி, அறிக்கைக்கு நாள் நெருங்கியிருந்தது. தூங்குகிறது, சாம்பல் நிறம், பக்கத்தில் நட்டிருந்த அளவுக் கம்போடு ஒப்பிட்டால் மூன்றடி உயரம். சாம்பல் நாரை என்று போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அது வந்த படத்திலெல்லாம் ஒரே ஒரு விசையைத் தட்டினால் போதும். மொத்தம் நாற்பத்தொரு முறை தட்டியிருந்தாள். இருபதாவது முறைக்குப் பிறகு மென்பொருளே கற்றுக்கொண்டு, அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டு 'சாம்பல் நாரை' என்று எழுதிக் காட்டத் தொடங்கியது. கெட்டிக்காரப் பிள்ளை என்று அவள்கூட மெச்சிக்கொண்டாள்.

சந்தேகம் இருந்தால் போட ஒரு சிவப்புக் குறி உண்டு. அதைப் போட்டால் மேலதிகாரி வந்து பார்க்கும்வரை யாரும் சேற்றில் இறங்கக் கூடாது என்பது விதி. அவள் போடவில்லை.

இன்று காலை மேலதிகாரி போனில், "நாரைக் கணக்கு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேம்மா, ஒரு தரம் பாத்துடேன்" என்று சொல்லியிருக்காவிட்டால் மூன்று வாரத்துக்கு முந்தைய இந்த முதல் படத்தைத் திரும்ப எடுத்திருக்கவும் மாட்டாள்.

வெளியே மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்தது. மாலை நாலரைதான் ஆகியிருந்தது, ஆனாலும் விளக்கைப் போட வேண்டியிருந்தது. நடையில் தம்பியின் பழைய ரப்பர் பூட்ஸ் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து வரும் உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாடை மின்விசிறிக் காற்றோடு சுற்றிச் சுற்றி வந்து அவள் மூக்கிலேயே நின்றது. மற்றவர்கள் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்கள். தம்பியும் அப்போதுதான் கிளம்பினான், கார்டை மாற்ற.

"மழை வர்ற மாதிரி இருக்குடா. நாளைக்குப் போயேன்."

"நாளைக்குத் தண்ணி வத்தறதுக்குள்ள இருட்டிடும். நீ சோத்தைச் சூடு பண்ணி வை, ஏழு மணிக்கு வந்துடுவேன்."

அவள் வாங்கிக் கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனான். இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அம்மா போவதற்கு முன் அவன் கையைப் பிடித்து இவள் கையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். சேற்றில் ஐம்பது, நூறு, நூற்றைம்பது அடி தூரத்தில் மூன்று இரும்புக் கம்புகள் நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒன்பதடி, அடிக்கொரு வெள்ளைப் பட்டை. படத்தில் தூரம் தெரியாது, எல்லாம் ஒரே தாளில் ஒட்டியதுபோல்தான் இருக்கும். பறவை எந்தக் கம்புக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்து, அந்தக் கம்பின் பட்டையை எண்ணித்தான் உயரம் சொல்ல வேண்டும். நாரை முதல் கம்பருகே கூட்டத்தோடு நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு அவள் மூன்று பட்டை எண்ணியிருந்தாள்.

இப்போது பார்த்தால், ஒரு கம்பு அதன் மார்புக்குக் குறுக்கே போகிறது.

முதல் கம்பு இல்லை. மூன்றாவது.

அப்படியென்றால் நாரை மூன்றாவது கம்புக்கும் பின்னால் நிற்கிறது. அவள் விரல் நுனியைத் திரையில் வைத்து, கீழிருந்து மேலாக மூன்றாவது கம்பின் பட்டைகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு. தவறியிருக்கும் என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். அது கம்பின் உச்சிவரை இருந்தது.

ஒன்பது.

ஒன்பதடியில் நாரை கிடையாது. ஒன்பதடியில் எந்தப் பறவையும் இங்கே கிடையாது.

யாராவது சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த வாரத்துப் படத்தைத் திறந்தாள். அதே உருவம், திரையில் அதே அளவு. ஆனால் இம்முறை அது இரண்டாவது கம்பை மறைத்துக்கொண்டு நின்றது. இரண்டாவது கம்பில் ஆறு பட்டை. போன வாரக் கார்டின் கடைசிப் படத்தில் அது முதல் கம்பை ஒட்டி வந்துவிட்டிருந்தது. அங்கே மூன்று பட்டை.

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது விரலைத் திரையிலிருந்து வெடுக்கென்று எடுத்தாள்.

கிட்டே வரும் எதுவும் படத்தில் பெரிதாக வேண்டும். இது பெரிதாகவில்லை. நாற்பத்தொரு படத்திலும் ஒரே அளவு. ஒன்பதடி, ஆறடி, மூன்றடி. வரவர மடங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அவள் என்ன பெயர் வைத்தாளோ அந்தப் பெயருக்கு ஏற்ற அளவில் தெரியும்படி, கொஞ்சம் கொஞ்சமாக, கேமராவைப் பார்த்தபடியே.

மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார்.

"நாரைதானேம்மா? நீயே நாப்பத்தோரு தடவை போட்டிருக்கியே. நீ போட்டா தப்பா இருக்குமா?" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

தம்பிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. நேரம் நாலு ஐம்பத்தைந்து. மூன்றாவது முறை எடுத்தான்; பின்னால் காற்று இரைந்தது.

"எங்கடா இருக்க?"

"கேமராகிட்டதான். கார்டை மாத்திட்டேன். ஏன்க்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கிளம்பி வா. இப்பவே வா. அங்க முதல் கம்புகிட்ட நாரை ஏதாவது நிக்குதா?"

"நாரையா? நாரையெல்லாம் இல்லக்கா." சேற்றில் அவன் திரும்பும் ஓசை கேட்டது. "யாரோ ஆளு உக்காந்திருக்காங்க."

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"முதுகைக் காட்டிக் குனிஞ்சு உக்காந்திருக்காரு. அசையவே மாட்டேங்கறாரு. இடுப்பு வரைக்கும் சேத்துல மாட்டிக்கிச்சு போல. பாவம், எவ்ளோ நேரமா இருக்காரோ."

"அது ஆளு இல்லடா! கிட்டப் போகாத! நான் சொல்றதைக் கேளு, திரும்பி ஓடி வா!"

"என்னக்கா நீ? தண்ணி ஏற ஆரம்பிச்சா மூழ்கிடுவாரு. ஐம்பதடிதான். தூக்கி விட்டுட்டு வந்துடறேன்."

போன மாதம் சேற்றில் புதைந்த தெருநாயைத் தூக்கப் போய் இவனே கழுத்துவரை புதைந்தவன். அவள் என்ன கத்தினாலும் இனி காதில் விழாது. போனை அணைக்காமலே கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது. துணி உரசும் ஓசை, பிறகு சேற்றில் கால் இழுபடும் ஓசை. சளக். சளக். அதற்கு மேல் பவளக்காலிகளின் கூச்சல். சேற்றில் மனிதன் இறங்கினால் முதலில் கத்துபவை அவைதான். கரை முழுவதையும் எழுப்பிவிட்டுத்தான் ஓயும். அந்தக் கூச்சலில் அவளுக்கு ஒரு பைத்தியக்கார நிம்மதி வந்தது. அவை கத்தும்வரை அவன் மனிதன், அவன் நடந்துகொண்டிருக்கிறான்.

"அண்ணே," என்று தம்பியின் குரல் தூரத்தில் கேட்டது. "அண்ணே, கையைக் குடுங்க."

சளக்.

கூச்சல் நின்றது.

ஒவ்வொன்றாகக் குறைந்து நிற்கவில்லை. எல்லாம் ஒரே நொடியில்.

அவள் போனைக் காதோடு அழுத்தினாள். காற்று. காற்று மட்டும். "தம்பி" என்றாள். ஜன்னலில் முதல் மழைத்துளிகள் விழுந்தன. நடையிலிருந்து பூட்ஸின் வாடை.

மணி ஐந்து. திரையின் மூலையில் சின்னப் படம் வந்து விழுந்தது.

அதில் தம்பி இருந்தான். முதல் கம்பின் பக்கத்தில், முதுகு கேமராவுக்கு, மஞ்சள் கோட்டு, வலது கை முன்னால் நீட்டியபடி. அவன் முன்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ. பறவைகள் நாலாபுறமும் சிதறிப் பறந்துகொண்டிருந்தன. தம்பியின் உயரம் ஆறு பட்டை. நல்ல உயரம். சரியான உயரம்.

ஓட வேண்டும் என்று தெரிந்தது. வண்டியில் போனாலே முக்கால் மணி நேரம். இந்தத் திரையை விட்டால் அவனை விட்டதாகிவிடும் என்று தோன்றியது. நாரையின் முதல் படத்துக்குப் போய்ச் சிவப்புக் குறியை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். 'பதிவு முடிந்த படம்' என்றது மென்பொருள்.

நான்தான். நான்தான் சொன்னேன் அதை நாரையென்று.

போனில் இன்னும் காற்று. இப்போது அது உயரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது. மரத்து உச்சியில் அடிக்கும் காற்றுபோல.

ஐந்து ஐந்து.

படம் வந்தது.

பறவைகள் திரும்பி வந்து இறங்கியிருந்தன. மூக்கன்கள் முன்னால், உள்ளான்கள் பின்னால், எல்லாம் இடப்பக்கம் பார்த்து, ஓய்வாக நின்றன. முதல் கம்பருகே யாரும் இல்லை. இரண்டாவது கம்பருகே யாரும் இல்லை.

மூன்றாவது கம்பின் இந்தப் பக்கம் ஒன்று சாம்பல் நிறத்தில். அந்தப் பக்கம் ஒன்று மஞ்சளாக.

அவள் எண்ணினாள். எண்ணாமல் இருக்கத் தெரியவில்லை. ஏழு. எட்டு. ஒன்பது. மஞ்சள் மழைக்கோட்டு கம்பின் உச்சிக்குச் சற்றுக் கீழே முடிந்திருந்தது. அதன் கீழே ஒரே ஒரு கால், நீளமாக, சேற்றுக்குள். கோட்டின் பொத்தான்கள் கேமராவை நோக்கி இருந்தன. காலருக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் பின்தலை முடி மட்டும். தலை முதுகுக்குள் செருகியிருந்தது.

படத்தின் மேல் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மூக்கன், எண்பத்து நான்கு. உள்ளான், நூற்று ஆறு. பவளக்காலி, இருபது.

கடைசியாக மூன்றாவது கம்பின் இரு பக்கமும் இரண்டு கட்டங்கள்.

சாம்பல் நாரை, இரண்டு.

காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அவை இரண்டும் கேமராவைப் பார்த்து நின்றன.