கழித்ததில் மிஞ்சியது

எதுவும் கேட்கக் கூடாத இடத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

ஜீவானந்தம் ஹெட்போனைக் கழற்றி, தன் மூச்சை அடக்கிப் பார்த்தான். அறையில் சத்தமில்லை. வாழவந்திச் சாலையில் இறங்கிப் போன ஜீப்பின் உறுமலைப் பனிமூட்டம் எப்போதோ விழுங்கியிருந்தது. சாயங்காலம்தான், ஆனாலும் சன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், கண்ணாடியில் ஈரம் மட்டும் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முன்பு கரண்ட் போய் வருவதற்குள் இருட்டில் கைக்கு அகப்பட்ட ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஈரக் கம்பளியின் வாடை, முற்றத்தில் குவித்திருந்த காப்பிப் பழத்தோலின் புளித்த வாடை, இரண்டுக்கும் அடியில் பழைய ஒலி மிக்சர் சூடாகும்போது தூசி கருகும் வாடை.

திரும்ப மாட்டினான். மூச்சு இருந்தது.

மிக்சர் ராஜ்குமாருடையது. ஏற்காடு பஜாரில் ஒரு லாட்ஜின் பின்கட்டில் அவன் ரெக்கார்டிங் அறை வைத்திருந்தான். ஜீவாவின் மனைவி கௌரி பாடியதெல்லாம் அங்கேதான், ஜீவா உட்கார்ந்து அவள் பாட்டுகளுக்கு ஒலி சேர்த்ததும் அங்கேதான். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலை முழுக்க ஒலித்தது அவள் குரல். போன மழைக்காலத்தில் சேலத்திலிருந்து ராஜ்குமாரின் பைக்கில் வந்தவள், கொண்டை ஊசி வளைவில் அவனோடு சேர்ந்து பள்ளத்தில் விழுந்தாள். இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றி வந்தார்கள். பஸ் கிடைத்திருக்காது, ஏற்றி வந்திருப்பான் என்று ஊர் சொன்னது. ஜீவாவும் எல்லோரிடமும் அதையே சொன்னான். மனைவிக்கும் நண்பனுக்கும் ஒரே நாளில் அழுதான்.

மிக்சரை அவனுக்குக் கொடுத்தவள் ராஜ்குமாரின் மனைவி வெண்ணிலா. வாசலுக்கு வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகப் பார்த்தாள்.

"நொம்ப நல்ல பொட்டி, வெண்ணிலா. வித்தாக்கூட..."

"வேண்டாங்கண்ணா. ஊட்டுல இருந்தா எனக்குத் தூக்கம் வரல. அதுல ஏதாச்சும் கேட்டா என்கிட்டச் சொல்லாதீங்க."

சாவு வீட்டுப் பேச்சு என்று அவன் விட்டுவிட்டான்.

மிக்சர் செத்துக்கொண்டிருந்தது. ஒரு சேனல் கரகரத்தது, இன்னொன்று ஊமையானது. அது முழுக்கப் போவதற்குள் சுருதிகளைக் கூட்டிக் குறைக்கும் அதன் ஈக்வலைசரைக் கணினியில் அப்படியே செய்துவிட வேண்டும். கௌரியின் குரலுக்கு அந்தச் சாயத்தைக் கொடுத்தவை அந்தக் குமிழ்கள்தான். குமிழை நடுவில் நிறுத்தினால் கூட்டாமல் குறைக்காமல் விட வேண்டும் என்பது கணக்கு. இந்த மிக்சர் நேராக நிற்பதுபோல் நின்றுகொண்டே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இல்லாமல் கேட்டால், முடிக்காமல் கிடக்கும் அவள் பாட்டுகள் வேறு யாரோ பாடியவைபோல் இருந்தன. அவளில் அவனுக்கென்று மிச்சமிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

நகல் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கணினி எழுப்பும் வெறும் இரைச்சலை, அடைமழை ஓட்டில் விழுவதுபோன்ற இரைச்சலை, மிக்சர் வழியாக ஒரு பக்கமும், தான் செய்த நகல் வழியாக இன்னொரு பக்கமும் ஓடவிட வேண்டும். நகலைத் தலைகீழாகத் திருப்பி இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அச்சாக ஒன்றுபோல் இருந்தால் மௌனம். மிஞ்சிக் கேட்பதெல்லாம் மிக்சரில் இருந்து நகலில் இல்லாதது.

மூச்சு நகலில் இல்லாதது.

அவன் நகலில் மேல்சுருதிக் குமிழின் வளைவைச் சற்றுத் தளர்த்தினான். இரைச்சல் இறங்கியது. மூச்சு கிட்டே வந்தது. இன்னும் தளர்த்தினான். மூச்சுக்குள்ளிருந்து உதடு பிரிகிற சின்ன ஈரச் சத்தம்.

"ஏனுங்க..."

கை மேசையிலேயே நின்றுவிட்டது.

பஸ்ஸில் இடம் கேட்கவும் கடையில் விலை கேட்கவும் இந்த மலையில் யாரும் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நடுவில் இழுத்து, முடிவில் குரலைக் கீழே இறக்கி, பேர் சொல்லாமல் கௌரி கூப்பிடுவது ஒருத்தரைத்தான். அடுப்படியிலிருந்து, கிணற்றடியிலிருந்து, தூக்கத்திலிருந்து. ராஜ்குமார்கூட அவளுக்கு அண்ணன்தான். 'அண்ணா, இன்னொருக்கா பாடட்டுங்களா?'

"சொல்லு கண்ணு," என்றான் ஜீவா. கண்ணாடியில் வழியும் ஈரத்தைப் பார்த்துச் சொன்னான். கன்னம் நனைந்திருந்தது.

வெண்ணிலாவுக்குப் போன் போட்டான்.

"அந்தப் பொட்டியில உனக்கு என்ன கேட்டுச்சு?"

எதிர்ப்பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"எத்தன தடவ கூப்பிட்டாங்கண்ணா?"

"என்னயத்தான் கூப்பிடறா, வெண்ணிலா. என் கௌரி."

"உங்களயா?" அவள் சிரித்ததுபோல இருந்தது. "பிளக்கப் புடுங்கிப் போட்டுட்டு ஒரு டீ வச்சுக் குடிங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வைத்துவிட்டாள்.

அவன் பிடுங்கவில்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, நடுச்சுருதியில் மிச்சமிருந்த சாய்வையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் நகலுக்குள் கொண்டுவந்தான், உமியை ஊதி ஊதி அரிசியைப் பார்ப்பதுபோல. இரைச்சல் மெலிந்தது. தூறலானது. பிறகு அதுவும் நின்றது. அத்தனை சுத்தமான நகலை அவன் செய்ததே இல்லை.

"ஏனுங்க..."

"சொல்லு."

"அவருக்குத் தெரியாதுங்க."

அவர்.

அவனுக்கு முதலில் அர்த்தம் ஆகவில்லை. பிறகு ஆனது.

ஆண்குரல் ஒன்று சிரித்தது. சிகரெட் கரகரப்பு. அந்தத் தொண்டையை அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும்.

"காதுல மாட்டிக்கிட்டான்னா அவனுக்கு எதுவும் கேக்காது, கௌரி."

லாட்ஜ் பின்கட்டு. பாட்டு நடுவில் இடைவேளை. மைக்கின் சத்தத்தை இறக்கி வைத்துவிட்டு ராஜ்குமார் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போவான், அவளுக்கு டீ கொடுக்க. இந்தப் பக்கம் ஜீவா, ஹெட்போனோடு, குனிந்து, அவள் பாடியதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு. அவள் குரலை அவ்வளவு கவனமாக. எத்தனை நாள். நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

பிளக்கைப் பிடித்து இழுத்தான்.

மிக்சரின் விளக்குகள் அணைந்தன. இனிக் கழிக்க எதிரில் ஒன்றுமில்லை. நகலின் இரைச்சல் காதைப் பிளக்க வேண்டும்.

பிளக்கவில்லை.

மௌனம். கிணற்றுக்குள் இருப்பதுபோல மௌனம். அதில் அவள்.

"பாருங்களே. ஸ்வெட்டரத் திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு."

குனிந்தான். நெஞ்சில் தையல். மணிக்கட்டில் தையல். உள்பக்கத்து நூல் முடிச்சுகள் எல்லாம் வெளியே.

"திரும்பிப் பாப்பானா?"

"அவருங்களா?" வளையல் குலுங்கியது. "எப்பத் திரும்பிப் பாத்திருக்காரு?"

அவன் திரும்பவில்லை.

கழுத்துக்குப் பின்னால் குளிர். ஈர மண் வாடை. சிகரெட்.

பார்க்க வேண்டாம். கேட்கவும் வேண்டாம். கழற்றி எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடிவிடலாம். இரண்டு கையையும் மெல்லத் தூக்கினான். காதுகளைத் தொட்டான்.

ஹெட்போன் தட்டுப்படவில்லை. அதன் மேல் விரல்கள் இருந்தன. வலது காதில் தடித்த, கரடுமுரடான விரல்கள். இடது காதில் மெலிந்தவை. உடைந்த கண்ணாடி வளையலின் விளிம்பு அவன் கையைக் கீறியது.

இரண்டும் சேர்ந்து, அன்பாக, அவன் காதை இறுக்கப் பொத்தின.