குறை என்ற கட்டம்

மேசையில் டீ இருந்தது, ஆவி பறந்தபடி. வைத்துவிட்டுப் போனது யார் என்பதில் சந்தேகமில்லை. அந்த வீட்டில் டீ போடத் தெரிந்தவள் ஒருத்திதான். ஆனால் அவள் வந்ததும் அவன் காதில் விழவில்லை, போனதும் விழவில்லை.

நடக்காத காரியம் அது. அந்தப் பழைய அடுக்குமாடி வீட்டின் நடைவழி முழுக்க மரப்பலகை. அவன் மனைவியோ குதிகாலை ஊன்றி நடக்கிறவள். அவள் சமையலறையில் கிளம்பினாலே இவன் அறையில் கணினித் திரை லேசாக ஆடும். "பதிவு பண்ணிக்கிட்டிருக்கேன்ல, கொஞ்சம் மெதுவா நடந்தா குறைஞ்சா போயிடுவே? மைக்ல எல்லாம் தடதடன்னு விழுது" என்று கல்யாணமான நாளிலிருந்து அவன் கத்திக்கொண்டிருக்கிறான். ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தபடி டீயை எடுத்துக் குடித்தான். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுவது அவன் பிழைப்பு. புகழ்ந்து எழுத ஊரில் நாலு பேர் இருப்பார்கள். நொட்டை சொல்ல இவனை விட்டால் ஆள் கிடையாது. அவன் எழுதும் இணைய இதழில் ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் இரண்டு கட்டங்கள் இருக்கும், நிறை என்று ஒன்று, குறை என்று ஒன்று. வாசகர்கள் நிறையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. குறைக்காகவே வருகிறார்கள், படித்துவிட்டுக் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். அலுவலகத்தில் அவனுக்குக் குறைக்காரன் என்றே பெயர், அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மனைவிக்கு அந்தப் பெருமையெல்லாம் தெரியாது. "வீட்டுக்குள்ளயும் அந்தக் கட்டத்தைக் கொண்டுவந்துட்டீங்க. அதுலயும் எங்களுக்கு ஒரே ஒரு கட்டம்தான்" என்பாள்.

இந்த முறை வந்திருந்தது 'குடிவந்தவர்கள்' என்றொரு திகில் ஆட்டம். யாரென்றே தெரியாத புது நிறுவனம். ஆடுகிறவர் ஒரு வீட்டுக்குள் தனியாக மாட்டிக்கொள்கிறார்; அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண் நடமாடுகிறாள். அவ்வளவுதான் கதை. வெளியாகும் முன்பே விமர்சகர்களுக்கு ஒரு பிரதி அனுப்பி, குறைகளை முன்கூட்டியே கேட்டுத் திருத்திக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். அவனும் முதல் நாள் ஆடிப் பார்த்துவிட்டு எழுதி அனுப்பினான்: வெளிச்சம் பரவாயில்லை, சுவர்களில் ஈரம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் காலடிச் சத்தத்தில் கனமே இல்லை, பஞ்சுமேல் நடப்பதுபோல இருக்கிறது.

மறுநாளே திருத்தம் வந்துவிட்டது. டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். ஆட்டத்தின் இருட்டு நடைவழியில், சுவரோரம் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கும் ஜன்னல் கொக்கி காற்றில் தட்டும் சத்தத்துக்கும் அப்பால், ஒரு பெண் நடந்து வந்தாள். குதிகால் முதலில் விழுந்தது, பிறகு பாதம், பலகை ஒன்று முனகியது, அடுத்த பலகை முனகவில்லை, அவன் முதுகுக்கு நேர் பின்னால் வந்து அந்தக் காலடி நின்றது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷத்தில் எந்த ஆட்டமும் அவனை இப்படிப் பயமுறுத்தியதில்லை. நிறைக் கட்டத்தில், நெடுநாளைக்குப் பிறகு, மனதார ஒரு வரி எழுதினான்.

பயந்ததை ஒப்புக்கொள்ளத் தெரிந்தவனுக்கு அதோடு நிறுத்தத் தெரியவில்லை. அந்தப் பெண் பேசும் இடங்கள் இரண்டு மூன்று இருந்தன. குரலில் உயிரில்லை, ரயில் நிலைய அறிவிப்பு தேவலை என்று அடுத்த குறையை அனுப்பிவைத்தான்.

திருத்தம் வந்தபோது வெளியே மழை பிடித்திருந்தது. ஹெட்போனுக்குள் அந்தப் பெண் பேச வாயெடுத்தாள். பேசுமுன் தொண்டையை லேசாகச் செருமினாள், ஒன்றரைச் செருமல், இரண்டாவது பாதியிலேயே நின்றுவிடும். அப்புறம் கேட்டாள்: "சாப்பிட்டீங்களா?"

அவன் ஹெட்போனைக் கழற்றினான். அந்த ஒன்றரைச் செருமலைத் தினமும் போனிலும் வாசலிலும் கேட்டு எரிச்சல்பட்டவன் அவன்தான். எழுந்து சமையலறைக்குப் போனான்.

மனைவி கையில் தட்டோடு நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை. தட்டு கைநழுவி விழுந்து நொறுங்கியது. அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. பதறிப்போய் அவள் அவனை நோக்கி ஓடி வந்தாள், வெறுங்காலோடு, சில்லுகளை மிதித்துக்கொண்டு. ஒரு நொறுங்கல் சத்தம்கூட இல்லை. தரையில் ரத்தப் பாதங்கள் மட்டும் பதிந்துகொண்டே வந்தன.

"சளியா இருக்கும்" என்றான் அவன்.

மறுநாள் அவள் அண்ணன் வந்து அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். மதியம் அங்கிருந்து போன் செய்தார். "தொண்டையில ஒண்ணுமே இல்லையாம் மாப்பிள்ளை. நல்லாத்தான் இருக்குங்கறாங்க. ஆனா பேச்சு வரல. இன்னைக்கு ராத்திரி இங்கயே வெச்சிருந்து பார்க்கப்போறாங்க. நீங்க குட்டியைப் பார்த்துக்குங்க."

குட்டி என்றால் அவன் மகள். ஆறு வயது. அவள் தன் அறையில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கிரேயானால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அம்மா எப்போது வருவாள் என்று இரண்டு முறை கேட்டாள், நாளைக்கு என்று அவன் இரண்டு முறை சொன்னான். வாசலில் நின்று அவளையே பார்த்தான். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அது ஒன்றுதான் இப்போது வேண்டும்.

அவன் முட்டாள் இல்லை. கேட்டதையெல்லாம் அந்த ஆட்டம் எங்கிருந்து எடுக்கிறது என்று புரிந்துவிட்டது. திருப்பி வாங்கவும் முயன்று பார்த்தான். அந்தப் பெண்ணின் குரல் பொருந்தவில்லை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று எழுதினான். எடுத்தார்கள். ஆட்டத்துக்குள் அவள் ஊமையானாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, போனை அவள் காதில் வையுங்கள், பேசச் சொல்லுங்கள் என்று மச்சானிடம் கெஞ்சினான். மூச்சு மட்டும் வந்தது. அவன் சொல்லியே எடுத்து, அவன் சொல்லியே தூக்கி எறிந்துவிட்டார்கள். ஆட்டத்தைக் கணினியிலிருந்து அழித்தான். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் அது திறந்து கிடந்தது.

சாயங்காலம் ஆசிரியர் அழைத்தார். "என்னப்பா குறைக்காரா, ஏழு மணிக்கு விமர்சனம் போகணும். குறைக் கட்டம் காலியா இருக்கு?"

"குறை ஒண்ணும் இல்ல சார்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "நீயா சொல்றே? காசு வாங்கிட்டு எழுதினோம்னு கிழிச்சிடுவாங்கப்பா. அந்தக் கட்டம் காலியா இருந்தா பக்கமே வெளியாகாது, உனக்குத் தெரியாதா? நீ வெச்ச சட்டம்தானே அது."

அவன் வைத்த சட்டம்தான். குறையில்லாத விமர்சனம் விளம்பரம் என்று மேசையைத் தட்டிச் சொல்லி, அதைக் கட்டாயமாக்கியவன் அவன்.

"இந்த ஆட்டத்தை விட்டுடலாம் சார். எழுத வேண்டாம்."

"உனக்கு உடம்பு சரியில்லைன்னா சொல்லு, புதுசா சேர்ந்திருக்கானே ஒரு பையன், அவன் ஆடி முடிச்சுட்டான். எழுதத் துடிச்சிட்டிருக்கான். பத்துக் குறை இருக்குதாம். வீட்டுல ஆளே இல்லாத மாதிரி இருக்கு, ஒரு குழந்தையாவது வெச்சிருக்கலாம்னு..."

"வேண்டாம்!" அவன் போட்ட கூச்சலில் அவனுக்கே காது அடைத்தது. "நான் எழுதறேன் சார். நானே எழுதறேன். அவன் ஒரு வரிகூட எழுத வேண்டாம்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தான். எங்கிருந்து எடுப்பது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி யார் குறை சொன்னாலும் சாமான் எடுக்க இந்த வீட்டுக்குத்தான் வருவார்கள். அதனால் ஒரு குறை வேண்டும். ஒன்றே ஒன்று. யாரிடமும் இல்லாத பொருளைக் கேட்கிற குறை. முகம் சரியில்லை என்று எழுத முடியாது. நிழல், மூச்சு, சிரிப்பு, கண், எதையும் தொட முடியாது. இசை சுமார் என்று எழுதிவிட்டு உடனே அழித்தான், குட்டி உள்ளே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். ஈரம், வாசனை, வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக யோசித்தான். பிழைப்பு முழுவதும் குறை தேடியவனுக்கு அன்று ஒரு குறை அகப்படவில்லை.

கடைசியில் கிடைத்தது. புது ஆட்டங்களைப் பற்றி எவனும் தூக்கத்தில்கூடச் சொல்லும் குறை. இவனே ஆயிரம் முறை எழுதியதுதான். உடம்பில் ஒட்டாதது, வீட்டில் யாரிடமும் இல்லாதது.

'ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இன்னும் நீளமாக இருந்திருக்கலாம்.'

மூன்று முறை படித்துப் பார்த்தான். நீளத்தை எந்த அறையில் தேடுவார்கள்? தேடட்டும். அனுப்பினான். ஏழு மணிக்கு விமர்சனம் வெளியானது. அந்தப் புதுப் பையனுக்கு எழுதக் கொடுக்க மாட்டேன் என்று ஆசிரியரிடம் உறுதி வாங்கிக்கொண்டான். நாற்காலியில் சாய்ந்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. குட்டிக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும்.

அப்போது திரையில் திருத்தம் இறங்கத் தொடங்கியது.

முன்பு வந்த மூன்றும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தன. இது பெரிதாக இருந்தது. இறங்கிய அளவைக் காட்டும் பட்டை மெல்ல மெல்ல நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. மழைச் சத்தம், கணினிக்குள் விசிறி சுற்றும் சத்தம், சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகும் சத்தம், எல்லாம் இருந்தன. அவற்றுக்கிடையே ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று அவனுக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. பாட்டு நின்றிருந்தது.

பட்டை நிறைந்தது. அதன் கீழே ஒரே ஒரு வரி.

'விளையாடும் காலம் கூட்டப்பட்டுள்ளது. நன்றி.'

சிரிக்கப் பார்த்தான். கூட்டிக்கொள்ளுங்கள். நன்றாகக் கூட்டிக்கொள்ளுங்கள். காலம்தானே.

காலம்.

சிரிப்பு பாதியில் நின்றது.

யாரிடமும் இல்லாத பொருள் என்று நினைத்தானே. அந்த வீட்டில் அது யாரிடம் நிறைய இருந்தது?

எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. நடைவழி. பலகை முனகியது. அவன் காலடிதான். குட்டியின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. விளக்கு எரிந்தது. உள்ளே இருமல். வறட்டு இருமல். நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து வருவது. ஆறு வயது நெஞ்சில் அதற்கு இடமில்லை.

"குட்டி?"

காகிதத்தில் கிரேயான் உரசியது. நின்றது. உரசியது.

கதவைத் தள்ளினான்.

அவள் முன்பு படுத்திருந்த இடத்திலேயே குப்புறப் படுத்திருந்தாள். அதே மஞ்சள் கவுன். முழங்கால்கூட எட்டாத சின்னக் கவுன். அதே உயரம், அதே குட்டிப் பாதங்கள். பாதங்களில் நீல நரம்பு முடிச்சுகள். தலையில் இரண்டு பட்டாம்பூச்சிக் கிளிப்புகள். அவை பிடித்துக்கொள்ள அங்கே அதிகம் முடியில்லை. இருந்ததும் வெள்ளை.

கணுக்கள் வீங்கிய விரல்களுக்கிடையில் சிவப்பு கிரேயான் நடுங்கிக்கொண்டிருந்தது. கதவுச் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். சுருங்கித் தொங்கிய முகத்தில், பால் படர்ந்த கண்கள் அவன் இருக்கும் திசையைத் தேடின. பிறகு பல்லில்லாத வாய் முழுக்கச் சிரித்தாள். காகிதத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். அப்பா, அம்மா, நடுவில் ஒரு சின்னப் பெண்.

"அப்பா" என்றாள், ஆறு வயதுக் குழந்தையின் ஆசையோடு, கரகரத்த கிழக் குரலில். "நல்லா இருக்காப்பா?"

அவன் வாயைத் திறந்தான். அவள் காகிதத்தை இறக்கவில்லை. கைகள் நடுங்க, தலையைச் சாய்த்து, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்துக்கொண்டே இருந்தாள்.