சேர்க்கவா, நீக்கவா

காலை பத்தரை மணிக்கு நெய்தலூரில் எல்லோரும் பாயை விரித்தார்கள். நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவர் கிழக்கே போனால் இன்னொருவர் வேண்டுமென்றே மேற்கே போகும் ஊர் அது. அதை ஒட்டுமொத்தமாக ஒரே நேரத்தில் தூங்கச் சம்மதிக்க வைக்க பெனிட்டாவுக்கு ஐந்து மாதம் பிடித்தது.

நெய்தலூருக்கு மண் கிடையாது. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல்நீரால் குளிரூட்டப்படும் ஒரு நீளமான கட்டடத்துக்குள், நாற்பது கணினிப் பொறிகளில் அந்த ஊர் ஓடிக்கொண்டிருந்தது. உடல் முடிந்துபோனவர்கள் மனத்தோடு குடியேறிய நிகர்நகர். அங்கே வெயில் உண்டு, உப்புக்காற்று உண்டு, பக்கத்து வீட்டுச் சண்டையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே இருக்கும் சொந்தக்காரர்களோடு பேசுதிரையில் முகம் பார்த்துப் பேசலாம். இத்தனையையும் சுமக்கும் மென்பொருளுக்குத் தாங்கி என்று பெயர். அதற்கு வயது பதினேழு ஆகிவிட்டது. அது ஓடக்கூடிய பொறிகளைச் செய்வதையே உலகம் நிறுத்திவிட்டது. புதிய தாங்கிக்கு மாறாவிட்டால், இருக்கிற பொறிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகி ஊரும் கூடவே போய்விடும்.

மாற்ற வேண்டும், ஆனால் ஒரு கோப்புகூடத் தொலையக் கூடாது. பெனிட்டாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடமாக இதே வேலை. நெய்தலூர்வாசிகளில் ஒருத்தி அவளுடைய அக்கா ரோஸ்லின்.

அக்காவும் தங்கையும் பதினோரு வருடம் பேசாமல் இருந்தவர்கள். அம்மா இறந்த வீட்டில் வந்த மனத்தாங்கல். நேரத்துக்கு ஏன் தகவல் சொல்லவில்லை என்று பெனிட்டா கோபப்பட்டாள், அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெனிட்டாவின் நினைவில் அவ்வளவுதான். பிறகு ரோஸ்லினுக்கு நோய் வந்து, உடல் போய், நெய்தலூருக்குக் குடிபோனாள். போன நாலாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே பேசுதிரையில் வந்து, "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டாள். பெனிட்டா அழுதாள். அக்கா மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டாள். அதற்குப் பின் ஒன்பது வருடமாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை. திரும்பக் கிடைத்த அக்காவை இன்னொரு தடவை தொலைக்க அவளுக்குத் தெம்பில்லை.

ஊர்க்காரர்கள் முதலில் கேட்டது உறைநிலை. உறைய வைத்தால் இட்லியைப் பிட்ட கை அப்படியே நிற்கும். மறுபடி ஓடவிட்டால் வாய்க்குப் போகும். நடுவில் பத்து வருடம் ஓடியிருந்தாலும் யாருக்கும் தெரியாது. எவ்வளவு சுகம்! ஆனால் உறைந்த கணம் பழைய தாங்கியின் கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கும். புதியதற்கு அது வெறும் கிறுக்கல். இது தெரியாமல் உறைய வைத்து மாற்றி, விடிந்து பார்த்தால் ஊரே இல்லாமல் போன கதைகள் இந்தத் தொழிலில் உண்டு. முழுக்க அணைக்க வேண்டும். அணைத்தாலோ, செயல்நினைவில் இருந்து இன்னும் கோப்பில் எழுதப்படாதது எல்லாம் காற்றோடு போகும். நெய்தலூரில் மனம் கோப்பில் எழுதப்படுவது தூக்கத்தில்தான். ஆகவே அணைக்கும் முன் கடைசி ஆள்வரை தூங்கியாக வேண்டும்.

பெரிய திரையில் விழித்திருப்பவர்களின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. மூவாயிரம், ஆயிரத்து எழுநூறு, தொண்ணூறு. உதவிப் பொறியாளர் சிதம்பரநாதன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவும் அந்த ஊரில்தான் இருந்தார். தூங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்குப் போய், "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்து படுத்தார்கள். போகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தெருக்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடலில் அலை மட்டும் யாரும் பார்க்காமல் அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருட அனுபவத்தில் பெனிட்டா எத்தனையோ பொறிகளை அணைத்திருக்கிறாள், ஓர் ஊர் நம்பிக் கண்ணை மூடுவதைப் பார்த்ததில்லை.

எண்ணிக்கை ஒன்றில் நின்றது. ரோஸ்லின்தான். வீடு வீடாகப் போய் எல்லோரும் படுத்துவிட்டார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெனிட்டா பேசுதிரையைத் திறந்து, இனி அவள் மட்டும்தான் பாக்கி என்று சொன்னாள்.

"நான் யார்ட்டட்டி சொல்லிட்டுப் படுக்க?" என்றாள் ரோஸ்லின்.

"என்ட்ட சொல்லு."

"போயிட்டு வாரேன்."

"போயிட்டு வாக்கா."

எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. பெனிட்டா அணைத்தாள்.

அப்புறம் எல்லாம் மாவு அரைக்கிற மாதிரி பொறுமை வேலை. ஊர் முழுவதையும் தனிப் பொறியில் படியெடுத்தார்கள். படியெடுத்தால் மட்டும் போதாது என்பது பெனிட்டாவின் கறார். மூலத்துக்கும் படிக்கும் சரிபார்ப்பு எண் போட்டு, கடைசி இலக்கம்வரை ஒத்துப்போகிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். படியிருந்த பொறியின் இணைப்பைக் கையாலேயே பிடுங்கி வைத்தாள். இங்கே என்ன விபரீதம் நடந்தாலும் மூன்று நாளைக்குள் அதைக் கொண்டு பழைய ஊரை அப்படியே எழுப்பிவிடலாம். அதன் பிறகே புதிய தாங்கியை நிறுவத் தொடங்கினாள்.

பாதி வழியில் புதிய தாங்கி ஒரு கேள்வி கேட்டது. கோப்புகளில் எதோடும் சேராத உதிரிகள் மூன்று கோடிக்கு மேல் கிடக்கின்றன. நீக்கவா, சேர்க்கவா? ஒவ்வொரு உதிரியும் யாருடையது என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னது.

குப்பை, தள்ளிவிடலாம் என்றார் சிதம்பரநாதன். பழைய தாங்கி இரவுதோறும் எழுதும்போது சில துண்டுகளின் இணைப்பை விட்டுவிடும். துண்டு நினைவுவட்டில் கிடக்கும், போக வழியிருக்காது. பதினேழு வருடத்தில் யாரும் எதுவும் குறைகிறது என்று புகார் சொன்னதில்லை. வழக்கமாக எல்லோரும் நீக்கு என்றே கொடுப்பார்கள்.

பெனிட்டாவால் அது முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருடைய பொறியில் குப்பை என்று ஒரு கோப்புத் தொகுப்பை அழித்தாள். இறந்துபோன மனைவியின் குரல் அதில் இருந்தது. அந்த மனிதர் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வெறும் திரையை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் பார்த்த எந்தப் பொறியிலும் ஒரு துணுக்கும் நீக்கப்பட்டதில்லை. அவளிடம் பழகியவர்களுக்கும் அதே வழக்கம் தொற்றியிருந்தது. சிதம்பரநாதனும் விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் சேர் என்று கொடுத்தாள்.

மூன்று மணிக்கு ஊர் எழுந்தது. நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். ஒரு கோப்பும் குறையவில்லை. சிதம்பரநாதன் கை கொடுக்க வந்தவர், திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

தெருவுக்கு வந்தவர்கள் நடக்காமல் நின்றார்கள். விசைப்படகு ஓட்டிய ஒரு கிழவர், எழுபது வருடத்துக்கு முன் அவர் அம்மா வலை பின்னிக்கொண்டே முனகிய ராகத்தை ஒரு சுரம் பிசகாமல் முனகினார். ஒரு டீச்சரம்மா தன்னுடைய முதல் வகுப்பின் வருகைப் பதிவேட்டை அறுபது பெயரோடு ஒப்பித்தார். ஒருவர் தான் முதன்முதலில் கடலைப் பார்த்த நாளைச் சொன்னார். அன்று போட்டிருந்த சட்டையின் பொத்தான், அப்பாவின் கை வியர்வை, காலடியில் மணல் நழுவியது, எல்லாவற்றையும் சொன்னார். மறந்தது எல்லாம் வந்துவிட்டது. மனிதர்கள் பிறந்ததிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை. ஊரே தெருவில் நின்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி அழுதது, சிரித்தது. பெனிட்டா கையெடுத்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த உதிரிகள் பழுதான கோப்புகள் இல்லை. அந்த ஊரின் மறதி அது.

ரோஸ்லின் பேசுதிரைக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. வந்தவள் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது, ஏதாவது குறைகிறதா என்று பெனிட்டா வேலை விஷயமாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். எதுவும் குறையவில்லை என்றாள் ரோஸ்லின்.

"ஒம்பது வருஷமா நான் உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனச்சிட்டு இருந்தியா?"

பெனிட்டா தலையசைத்தாள்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சிட்டு இருந்தேன். மன்னிக்கலட்டி. மறந்திருக்கேன். அவ்ளோதான்."

ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளும் பழைய தாங்கியின் ஓட்டை போட்ட பிச்சை என்று பெனிட்டாவுக்கு விளங்கியது. பாதுகாப்புப் படி பத்திரமாக இருக்கிறது, அக்கா விரும்பினால் அவளை மட்டும் பழையபடி ஆக்கிவிட முடியும், காலையில் எப்படித் தூங்கினாளோ அப்படியே எழுவாள் என்று அவசர அவசரமாகச் சொன்னாள்.

"எதுக்கு? நீ நிம்மதியா இருக்கவா?" என்றாள் ரோஸ்லின். "அம்மா போன அன்னைக்கு நீ என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

தனக்கு ஏன் நேரத்துக்குத் தகவல் சொல்லவில்லை என்று கேட்டதைச் சொன்னாள் பெனிட்டா. கோபத்தில் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டதாகவும் சொன்னாள்.

"தகவல் நான் உடனே சொல்லிட்டேன். நீயும் முத விமானத்துலயே வந்துட்டே. நாப்பது நாள் ஆஸ்பத்திரில நான் அம்மா பக்கத்துல இருந்தேன். நாப்பத்தொண்ணாவது நாள் மத்தியானம் ஒரு மணி நேரம் என்னை அறியாம தூங்கிட்டேன். அந்த ஒரு மணி நேரத்துல அம்மா போயிட்டா. நீ பச்சைச் சேலை கட்டியிருந்தே. வாசல்ல செருப்பக் கழட்டிட்டு, இருந்த சனம் அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி சொன்னே. நாப்பது நாள் முழிச்சிருந்தவளுக்கு அந்த ஒரு மணி நேரம் முழிச்சிருக்க முடியலியான்னு."

பெனிட்டா தன் தலைக்குள் தேடினாள். வாசல் இருந்தது. செருப்புகள் இருந்தன. பச்சைச் சேலை இல்லை. அந்த வாக்கியம் எங்குமே இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் தகவல் சொல்லாத அக்கா ஒருத்தி, பழகிய பொருள்போல, சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள். இருபது வருடம் ஒவ்வொரு தூக்கத்திலும் அவளுடைய தலை துண்டு துண்டாக நழுவவிட்டிருக்கிறது. நழுவிய இடத்தைச் சும்மாவும் விடாமல், தனக்குத் தோதான ஒன்றை வைத்து மெழுகியிருக்கிறது. ஒரு கோப்பையும் தொலைக்காதவள் என்று பெயரெடுத்தவளுக்குத் தன் சொந்தக் கோப்புக்குப் படி இல்லை. சரிபார்ப்பு எண்ணும் இல்லை.

"எனக்கு ஞாபகம் இல்லக்கா," என்றாள். "ஆனா சொல்லியிருப்பேன். என்னை மன்னிச்சிரு."

"எதுக்குன்னு தெரியாம கேக்காத." ரோஸ்லின் இப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "மொத்தமா தெரிஞ்சிட்டுக் கேளு. நான் மொதல்லேர்ந்து சொல்லுதேன்."

அடுத்த மேசையில் மணி அடித்தது. பிறகு அதற்கு அடுத்ததில். நெய்தலூரில் முதல் ஆச்சரியம் அடங்கி, ஒவ்வொருவராகப் பேசுதிரைக்கு வந்து, வெளியே இருக்கும் மகனை, மகளை, கணவனை, தம்பியைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். கட்டடம் முழுக்க அழைப்பு விளக்குகள் எரிந்தன. நூறு, நானூறு, ஆயிரம். அங்கே கூப்பிடுகிறவர்களிடம் நினைவு எல்லாம் இருந்தது. இங்கே எடுக்கிறவர்களிடம் பாதிதான் இருந்தது, அந்தப் பாதியும் திருத்தி எழுதியது.

சிதம்பரநாதனின் சட்டைப்பையிலும் மணி அடித்தது. எடுத்து, அப்பாவின் பெயரைப் பார்த்தார். அவருக்கு என்னென்ன ஞாபகம் வந்திருக்கும் என்று யோசிக்கிறவர்போல நின்றார். அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

பெனிட்டா நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லுக்கா," என்றாள்.