அவிழ்க்கும் சொல்

கயிறு சூடாக இருந்தது. கையில் வாங்கிய பாலகுரு சட்டென்று விரல்களை இழுத்துக்கொண்டான். வெளியே ஜூன் மாத வெள்ளிக்கிழமை வெயில் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தாலும், ஜுமேராவின் அந்த வில்லாவுக்குள் ஏசி எலும்பு வரைக்கும் இறங்கியது. கனத்த திரைகள் பட்டப்பகலை வாசலிலேயே நிறுத்தியிருந்தன. மெழுகுவத்தி வாசனையோடு புதுச் சணலின் நெடி கலந்து தொண்டையைக் கமறவைத்தது. அத்தனை குளிரில் கிடந்த கயிறு, வெட்டவெளியில் கிடந்ததை யாரோ இப்போதுதான் பொறுக்கி வந்ததுபோல் எப்படிச் சுடும்?

"என்னண்ணே, மொகம் வெளிறிப் போச்சு?" என்றான் ஜூஸ் தட்டோடு வந்த ஐயப்பன்.

"கயிறு சுடுதுடா."

"ஏசில நின்னுக்கிட்டு சுடுதாம்! கதை எழுதி எழுதி ஒங்களுக்கு மண்டை கலங்கிட்டு."

அவனைத் திட்டவும் முடியாது. ஹோட்டல் சர்வரான ஐயப்பன்தான் பாலகுருவை இங்கே சேர்த்துவிட்டவன். கட்டுவதிலும் கட்டுப்படுவதிலும் இன்பம் காண்கிறவர்கள் வளைகுடா முழுவதிலுமிருந்து ரகசியமாக வந்து கூடிய மூன்று நாள் மாநாடு அது. அக்கம்பக்கத்தாருக்கு யோகா வகுப்பு என்று பேச்சு. ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனி ஆபீசில் கிளார்க்காக இருந்துகொண்டே மாத நாவல் எழுதுகிற பாலகுருவுக்கு அடுத்த நாவலில் ஒரு கடத்தல் காட்சி. கட்டுண்டவன் மனசு என்ன பாடுபடும் என்று தெரிய வேண்டுமாம். எழுத்தாளன் என்றால் எந்த வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம் என்று யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ!

மாநாட்டை நடத்திய நரைமுடி வெள்ளைக்காரி இடுப்பில் கத்தரிக்கோல் செருகியிருந்தாள். கட்டுப்படுகிறவர் முதலில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தச் சொல் வாயிலிருந்து வந்த அடுத்த நொடி கயிற்றை வெட்டிவிடுவோம், ஏன் எதற்கு என்று கேட்கவே மாட்டோம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல்லுக்கு இவ்வளவு மரியாதையா?

போன வருஷம் முனியசாமி எத்தனை சொல் சொன்னான்! கம்பெனிச் சூளையில் வேலை அவனுக்கு, சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். "சார், பாஸ்போர்ட்ட மட்டும் குடுத்துருங்க சார். சரோசா ஆஸ்பத்திரில கெடக்கா. பொண்டாட்டி மொகத்தப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்." தொழிலாளர் பாஸ்போர்ட் எல்லாம் ஆபீஸ் பீரோவில். சாவி பாலகுருவிடம். லீவில் போயிருந்த மேனேஜருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதையாக, டீ வாங்கிக் கொடுத்து, மறுபடி மறுபடி சொல்லவைத்து, அவன் அழுத அழுகையை வரிக்கு வரி டைரியில் எழுதிக்கொண்டான். நாலு நாள். ஐந்தாம் நாள் சரோஜா போய்விட்டாள். உச்சிவெயிலில் குவாரியைத் தாண்டி நடந்துபோன முனியசாமியை மூன்றாம் நாள் பிணமாகத்தான் கண்டெடுத்தார்கள். அந்த அழுகைக்குச் சிறுகதைப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. வெட்கங்கெட்டவன், கைநீட்டி வாங்கிக்கொண்டான்.

கட்டிப் பார்க்க ஆள் கேட்டபோது பாலகுருதான் எழுந்தான். பட்டால்தானே எழுத முடியும். "உங்கள் சொல்?" என்றாள் வெள்ளைக்காரி. இங்கே யார் வாயிலும் தவறிக்கூட வராத சொல்லாக இருக்கட்டும் என்று யோசித்தான். யோசனைக்கு முன்னால் நாக்கு முந்திக்கொண்டது.

"முனியசாமி."

அவள் தட்டுத்தடுமாறித் திருப்பிச் சொல்லித் தலையசைத்தாள். மாற்றச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மணிக்கட்டுகள் முதுகுக்குப் பின்னால் சேர்ந்திருந்தன.

அவளுடைய விரல்கள் மெலிந்து குளிர்ந்தவை. ஒவ்வொரு சுற்றுக்கும் வலிக்கிறதா என்று கேட்டாள், முடிச்சுப் போட்டாள், இரண்டடி விலகி அவன் கண்ணெதிரே வந்து நின்றாள். அப்புறமும் பின்னால் யாரோ கயிற்றை இழுத்துச் சரிசெய்தார்கள். சொரசொரப்பான விரல்கள். காய்ப்பு. சுட்ட களிமண் புழுதியின் வாசனை, சூளைப் பக்கம் போனால் மூக்கில் அப்புமே, அதே வாசனை. அறையில் எல்லோரும் வெறுங்கால். பளிங்குத் தரையில் சேஃப்டி பூட்ஸ் அரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயப்பா, எனக்குப் பின்னால யாரு?"

"யாருமில்லண்ணே. செவருதான்."

கயிறு இறுகியது. சூடு ஏறியது. பாலகுரு கத்தினான். "முனியசாமி! முனியசாமி!"

கத்திய பிறகுதான் உறைத்தது. இன்றைக்கு முன்னால் ஒரு வருஷமாக அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இப்போதும் கட்டை நிறுத்தச் சொல்லவில்லை. கூப்பிட்டிருக்கிறான்.

வெள்ளைக்காரி வாக்குத் தவறவில்லை. ஒரே நொடி. கத்தரிக்கோல். கயிறு துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. கைகளை முன்னால் கொண்டுவரச் சொன்னாள்.

கைகள் வரவில்லை.

"அண்ணே, கைய எடுங்கண்ணே. கையில ஒண்ணுமில்ல." ஐயப்பன் தட்டைக் கீழே போட்டான்.

"சாவி எங்கிட்டதான்யா இருந்துச்சு!" பாலகுரு பின்னாலிருந்த சுவர்ப் பக்கம் திரும்பி அலறினான். "குடுத்திருக்கலாம். குடுக்கல. நீ அழுறத எழுதணும்னு குடுக்கல!"

புழுதி வாசனை கழுத்தருகே வந்தது.

வெற்று மணிக்கட்டில் தோல் பள்ளமாக இறங்கியது. கயிற்றின் முறுக்கு அச்சாகப் பதிந்தது. ஒரு சுற்று. பக்கத்தில் இன்னொரு சுற்று. வெள்ளைக்காரி கத்தரிக்கோலை விரித்துப் பிடித்தபடி நின்றாள். வெட்டுவதற்குக் கயிறு இல்லை. மூன்றாவது சுற்று. நிதானமாக, அவசரமே இல்லாமல், தடம் முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.